வெர்லாவின் காந்தம்

ஜூலை பிறந்துவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேற்கே, எங்கள் ஊருக்கு வெளியே கிடக்கும் பொதுநிலத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு வந்து அந்த மேட்டைப் பார்த்துச் சுட்டுப் பழகலாம். கேட்க ஆள் கிடையாது. மேட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் என் மாடுகளுக்கான மேய்ச்சல். கோடையில் அந்தப் புல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும். அது பற்றிக்கொண்டால் மொத்த மாட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பொழுதுபோக்காகச் சுடுகிறவனுக்கு என்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான்.

இதில் எனக்கிருந்த ஒரே நிம்மதி வெர்லா ஸ்டாடர்டு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். யாரும் அவளை நியமிக்கவில்லை. சனிக்கிழமை தோறும் பிக்கப் வண்டியில் தண்ணீர்ப் பீப்பாயும் மண்வெட்டிகளும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். கண்ணாடிப் பாட்டிலைக் குறியாக வைத்துச் சுட்டால் சண்டை. காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்காமல் கிளம்பினால் வண்டியையே மறிப்பாள். சுடுவதற்கு நட்டு வைத்த பலகைப் பக்கம் ஒருவர் நடந்தாலும், மற்ற எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து, திறந்து கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு காந்தம். தோட்டா முனையில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு. இரும்பு பாறையில் பட்டால் பொறி. மேலே செம்பு பூசியிருப்பதால் கண்ணால் பார்த்தால் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காற்று வேறு பலமாக அடித்தது. வேலியைப் பார்க்கும் சாக்கில் நானும் அங்கே போய் நின்றேன். வெர்லா ஒரு புது ஆளைப் பிடித்து வைத்திருந்தாள்.

"மேடம், நல்ல கடையில வாங்கினது இது."

"கடை நல்ல கடைதான். காந்தத்துக்கு அது தெரியாதே." டக்கென்று ஒட்டியது. "மூட்டையக் கட்டு. பனி விழுந்தப்புறம் வா."

"எங்கம்மாகூட என்னை இவ்ளோ சோதிச்சதில்ல."

"அதான் பாத்தாலே தெரியுதே!"

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அப்போதுதான் கார்ன் வந்து இறங்கினான், வெர்லாவின் தம்பி. அப்பா செத்தபோது வீட்டுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டு போனவன், அன்றுதான் தானாகத் தேடி வந்திருந்தான்.

"பொறந்தநாள் வாழ்த்து, முசுடு!" என்று ஒரு பெட்டியை நீட்டினான். அப்பாவின் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி வெர்லாவிடம்தான் இருந்தது. அதற்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்திருந்தான். வெர்லா அதை ஆவலாக வாங்கிப் பிரித்தாள். அப்படியே துப்பாக்கியில் நிரப்பத் தொடங்கினாள்.

எனக்குப் பகீரென்றது. பக்கத்தில் போய், "வெர்லா, காந்தம்" என்றேன்.

"என் தம்பி குடுத்தது, தேய்ன்" என்று என் பெயரைச் சொல்லி அடக்கினாள்.

"தம்பி குடுத்தா பொறி பறக்காதா?"

"மெதுவா பேசித் தொலை! இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கான். அவன் மூஞ்சிக்கு நேரா காந்தத்த நீட்டணுமா?"

"பின்னே? அந்தப் பக்கம் என் மொத்தப் பொழப்பும் கிடக்கு!"

அவள் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். சுட்டாள். சிரித்தாள். மறுபடி சுட்டாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை; மேட்டின் அடிவாரத்தில் கிடந்த பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையோரம் மெல்லிசாக ஒரு புகை எழுந்தது.

"தீ!" என்று கத்திக்கொண்டு ஓடப் போனேன். வெர்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடா! எல்லாரும் துப்பாக்கியக் கீழ வை! திறந்து வை!"

வரிசையின் கடைசியில் ஒருவன் காதுக் கவசத்தோடு இன்னும் குறி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கீழே வைக்கும்வரை அவள் என்னை விடவில்லை. அங்கே புகை கறுத்துக்கொண்டே போனது. பாவி, என் புல்லை எரிய விடுகிறாளே என்று வாய்விட்டே திட்டினேன். கடைசி ஆளும் தள்ளி நின்ற பிறகுதான், "ஓடு!" என்றாள்.

எல்லோருமே ஓடினோம். அந்தப் புது ஆளும் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு வந்தான். மண்ணை வாரி அடித்து, தண்ணீர் ஊற்றி அணைத்தபோது ஒரு கொட்டகை அளவுக்குக் கருகியிருந்தது. மேட்டின் உச்சியை அது தொடவில்லை. நான் கருகிய புல்லின் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் வெர்லா காந்தத்தைக் கழற்றி, மிச்சமிருந்த தோட்டா ஒன்றின் முனையில் வைத்தாள். ஒட்டியது. கார்னின் முகம் வெளுத்துவிட்டது.

"ஊர்ல உள்ளவன் எல்லாருக்கும் பாத்தியே. எனக்கு ஏன் பாக்கல?"

"பாத்தா நீ கோச்சுக்கிட்டுப் போயிடுவேன்னுதான்."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டான். வெர்லா புழுதி அடங்கும்வரை அந்தச் சாலையையே பார்த்தாள். இனி வரமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். அவளுக்கு முன்னால் நின்று, உள்ளங்கை நிறையத் தோட்டாக்களை நீட்டினான்.

"பாரு."

அவள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கடைசித் தோட்டா வரைக்கும் அவன் கையை இழுக்கவில்லை.

"ஒட்டல" என்றாள்.

"அப்ப நான் இருக்கலாமா?"

அவள் வண்டியிலிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.