கீழிருந்து மேலே படித்தவள்

அச்சகத்தில் அவளை எல்லோரும் 'ப்ரூஃப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக அதே மேஜை, அதே ஜன்னல், கையில் சிவப்புப் பேனா. பாடப் புத்தகம், சட்டப் புத்தகம், சமையல் குறிப்பு, காதல் கதை, எது வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்ப்பாள். ஆயிரம் புத்தகமாவது அவள் கையைத் தாண்டிப் போயிருக்கும். அதில் ஏதாவது ஒன்றைச் சொல்லி என்ன கதை என்று கேட்டுப் பாருங்களேன். "நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு துணைக்கால் விட்டுப் போயிருந்துச்சு" என்பாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிக்கொடுத்த வித்தை அது. "கதைக்குள்ள போனீங்கன்னா பிழை கண்ணுல படாதும்மா. கடைசிப் பக்கத்துல, கடைசி வரியில ஆரம்பிச்சு மேல வாங்க." வரிக்கு மேலே ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக ஏறிப் போவாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒட்டுறவே இருக்காது. கதாநாயகி செத்தாலும் அவளுக்குக் கொம்பும் காலும்தான் தெரியும். நல்ல பெயர் வாங்கினாள். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டாள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சமிருந்த உறவு அண்ணன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாடு அவன் வீட்டில்.

அண்ணன் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் ஒரு நாள் எண்பத்தாறு பக்கக் காகிதக் கட்டு ஒன்றை ஃபைலில் போட்டு அவளிடம் நீட்டினான். எல்லாம் அவன் கையெழுத்து. "என் கதையை எழுதியிருக்கேன் பாப்பா. படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை வரும்போது கொண்டா." அவளுக்கு ஐம்பத்தாறு வயசு, அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

அவளிடம் காகிதம் நீட்டுகிறவர்கள் வேறு எதற்கு நீட்டியிருக்கிறார்கள்? பிழை பார்க்கத்தான் கொடுக்கிறான் என்று நினைத்தாள். எண்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரியில் ஸ்கேலை வைத்தாள். இரண்டே நாளில் முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நின்றிருந்தான் அண்ணன். அவளைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஃபைலை வாங்கிக்கொண்டு, "முழுசும் படிச்சியா?" என்றான்.

"ஒரு வரி விடலண்ணா."

"என்ன இருந்துச்சு?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். "நல்லா எழுதியிருக்கே அண்ணா. சாப்பாடு ஆயிடுச்சா? பசிக்குது."

அன்றைக்கு அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். காரம் போல என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம், பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அவன் தலை சாய்ந்துவிட்டது.

ஒரு மாசம் கழித்து அண்ணி அந்த ஃபைலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "உனக்குன்னு எழுதினது, நீயே வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீ சாப்பிட்டுப் போனதும் உங்க அண்ணன் அரை மணி நேரம் அழுதாரு. 'என் தங்கச்சி மனசு யாருக்கும் வராது'ன்னாரு. என்னங்கன்னு கேட்டா, 'அவ படிச்சுட்டா, அவளுக்குத் தெரியும்'னு சொல்லி முடிச்சுட்டாரு. அப்படி என்னம்மா செஞ்சே?"

அவள் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். என்ன செய்தோம்? எண்பத்தாறு பக்கத்தில் ஒரு சங்கதிகூட ஞாபகமில்லை. நூற்றுப் பதினாலு பிழை இருந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அட, வீட்டுக்குப் போய் எடுத்துப் படித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். படிக்கத்தான் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் பிரித்ததும் போன தடவை கண்ணுக்குத் தப்பிய மூன்று பிழைகள் பல்லை இளித்தன. பேனாவைத் தேடிக் கை போய்விட்டது. பக்கம் முடிந்தபோது, பின்னாலிருந்து, நாற்காலிக்கு ரொம்பக் கிட்டத்தில், அண்ணனின் அதே இழுப்பு மூச்சோடு ஒரு குரல்: "என்ன இருந்துச்சு பாப்பா?"

திரும்பினாள். கொடியில் காயும் துணிதான் இருந்தது. மத்தியானம் மூன்று மணி, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பேய் பிசாசில் அவளுக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவளுக்குத்தான் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது.

அதற்குப் பிறகு அவன் விடவில்லை. அச்சகத்தில் பக்கத்தைப் புரட்டினால், "என்ன இருந்துச்சு?" மருந்துச் சீட்டைப் படித்து வைத்தால், "என்ன இருந்துச்சு?" வாழ்நாளெல்லாம் படித்துப் பிழைத்தவளுக்குப் பதில் வரவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. முதலில் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் அண்ணன் எழுத்தைத் தொடுவது என்று முடிவு கட்டினாள். பயமும் இருந்தது, மறைப்பானேன்.

பக்கத்துத் தெரு நூலகத்தில் ஒரு நாவலை எடுத்தாள். ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வீட்டில், கரண்டிகளோடு இழுப்பறையில் கிடந்தன. வேலை முடிந்து வந்து நூலகத்திலேயே உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம். மனசுக்குள் ஒரு தடவை, உதட்டை அசைத்து ஒரு தடவை. பிறகு மூடி வைத்துவிட்டு, என்ன படித்தோம் என்று ஒரு நோட்டில் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். முதல் நாள் எழுதியது: 'ஒருத்தன் வீட்டுக்கு வந்தான்.' எதற்கு வந்தான், யார் கதவு திறந்தார்கள், ஒன்றும் இல்லை. குரல் பின்னாலேயே நின்றது.

"ஒரு மாசமா ஒரே புத்தகம். முப்பதாவது பக்கத்தையே தாண்டலயே. படிக்கிறீங்களா, இல்ல அடைகாக்கிறீங்களா?" என்று நூலகர் கிண்டல் செய்தார். இவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் அந்தக் கதையில் வரும் பெண், கணவன் கதவைத் தட்டும்போது ஏன் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. முன் பக்கத்துக்குப் போனாள், அதற்கு முந்தின பக்கத்துக்கும் போனாள். அங்கே இருந்தது காரணம். அந்தப் பெண்ணுக்காக, பெயர்கூட மனசில் நிற்காத ஒரு காகிதப் பெண்ணுக்காக, நூலகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்படி எத்தனை பெண்களைக் கொம்பும் காலும் பார்த்து அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்ததும் அழுகை இன்னும் கூடிப்போயிற்று.

நான்கு மாசத்தில் நோட்டில் பக்கங்கள் நிரம்பின. ஒரு சாயங்காலம் படித்து முடித்துக் காத்திருந்தாள். பின்னால் மூச்சு மட்டும் கேட்டது, கேள்வி வரவில்லை. அடுத்த விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனின் ஃபைலைத் திறந்தாள். முதல் பக்கம், முதல் வரி.

சின்ன வயசில் இருவரும் மழையில் பள்ளிக்கூடம் போனது, வேலையில் முதல் நாள் விசிலைத் தொலைத்துவிட்டு வாயாலேயே ஊதியது. அண்ணன் இவ்வளவு வேடிக்கையாக எழுதுவான் என்று அவளுக்குத் தெரியாது. சத்தம் போட்டுச் சிரித்தாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிய பக்கம் அது. அவளுக்கு இருபத்தேழு வயசில் அவர் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனார். போய்க் கடிதம் போடுகிறேன், வருவாயா என்று கேட்டிருந்தார். கடிதம் வரவேயில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒரு வருஷம் தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் நின்று, பிறகு நிற்பதை விட்டாள்.

அண்ணன் எழுதியிருந்தான்: 'மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் தபால்காரரிடம் தெருமுனையிலேயே நான் வாங்கிப் படித்தேன். நீ போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்ற பயம். உன் கடிதத்தை கிழித்தேன். உனக்கு இஷ்டமில்லை என்று நானே அவருக்கு எழுதிப் போட்டேன். இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தாயானால் மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். வாய் திறந்து இதைப் பற்றி ஒன்றும் பேசாதே பாப்பா, எனக்குத் தாங்காது.'

'கடிதத்தை'க்கும் 'கிழித்தேன்'க்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு 'க்' சேர்த்திருந்தது. அவள் கையெழுத்துதான். அந்த வரியில் ஸ்கேலை வைத்து, பேனாவை ஊன்றி, ஒற்றைப் போட்டுவிட்டு மேல் வரிக்குப் போயிருக்கிறாள்.

பாவி, கிழித்துவிட்டாயே என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். கத்தின மறு நிமிஷமே, பசிக்குது என்று சொல்லி அவன் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. தெரியாமல் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவன் நிம்மதியாகப் போய்விட்டான். கொடுத்தவளுக்குக் கோபம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவாள்? நாற்காலிக்குப் பின்னால் இழுப்பு மூச்சு கேட்டது. முதல் தடவையாக அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. சனிக்கிழமை அண்ணி போன் செய்தாள். "நாளைக்கு என்ன சமைக்கட்டும்?"

"நாளைக்கு நான் வரல அண்ணி."

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அண்ணன் எழுதினதைப் படிச்சேன்."

என்ன எழுதியிருந்தார் என்று அண்ணி கேட்கவில்லை. "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல அண்ணி. இன்னொரு தடவை படிக்கணும்."