கருவிப் பைக்குள் கொண்டுவந்த சத்துமா

மருதனார்மடத்தில் ஒரு வீட்டுக் கூரையில் சோலர் தகடு பூட்டிக்கொண்டு நின்றபோது மனைவி அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கமாட்டாள். எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"கௌரி மிசி செத்துப்போனாவாம். விடியக் காலமை நெஞ்சுநோ எண்டு கொண்டுபோனவை..."

"உனக்கு ஆர் சொன்னது?" என்று அதட்டினேன், அவள் பிழையாகக் கேட்டிருந்தால் செய்தியும் பிழையாகிவிடும் என்பதுபோல. பிறகு இறங்கிவிட்டேன். நாலு ஆணி இறுக்காமல் கிடந்தது. பாதி வேலையில் நான் கூரையை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச்சொன்னார்கள். அன்பின் உருவம், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அவரைத் தெரிந்த உங்களுக்கும் அது பொய் என்று தெரியும். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக இருந்த அவருக்குப் பொறுமை கிடையாது. ஆம்பிளைகளைக் கண்டால் குரல் இன்னும் ஒரு படி ஏறும். எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் அவருடைய தராசில் தொங்கியவர்கள்தான். ஆனால் எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். "ஒரு வீட்டிலை குடிச்சால் எல்லா வீட்டிலையும் குடிக்கோணும். பிறகு என்னை ஆர் நிறுக்கிறது?" என்பார்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. சோலர்ச் சாமான்கள் வருவது நின்றுபோக, கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மகளுக்கு எட்டு மாதம். கிளினிக்கில் நிறை குறைந்தால் சத்துமாவுக்கும் போஷாக்கு உதவிக்கும் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அதற்கு வரிசையில் நிற்கவேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் பெற்றோல் இல்லை என்று சாட்டுச்சொல்லி, மனைவி கிளினிக்குக்குப் போவதை மறித்துவிட்டேன். திருத்தக் கொண்டுவந்த கடைத் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் நானே பிள்ளையை நிறுத்து, மிசிக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெள்ளி அரைஞாண், இரண்டு காப்பு, கொலுசு, சட்டை, நனைந்த நப்பி எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்தேன். அளவீட்டில் நான் பிழை விடுகிறவன் அல்ல. அது தெரிந்து செய்தது.

இரண்டாம் மாதமும் அப்படிச் சொன்னேன். அடுத்த நாள் சைக்கிளில் வந்து இறங்கினார். காப்பு, கொலுசு, அரைஞாண் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார். மாமரக் கிளையில் தராசைக் கொழுவிப் பிள்ளையைத் தொங்கவிட்டார். முள் நின்ற இடத்தைப் பார்த்தபின்தான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் போனிலை சொன்னது உம்மடை மானத்தின்ரை நிறை. எனக்குப் பிள்ளையின்ரை நிறை வேணும்."

"அப்ப இவள் தேயிறாளோ மிசி?" என்று மனைவி கேட்டாள்.

"ரண்டு மாசமா ஏறேல்லைப் பிள்ளை. நீர் காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பிளேன்ரீயும் பாணும்."

"அதை ஆர் எனக்குப் போனிலை சொன்னது?"



விண்ணப்பத்தை நிரப்பும்போதும் சண்டைதான். ஒரே பெயரை மூன்று இடத்தில் எழுதச் சொல்கிறது, அடையாள அட்டை இலக்கத்தை இரண்டு பக்கத்திலும் கேட்கிறது. "உந்தப் படிவத்தை ஒரு மணித்தியாலத்திலை நான் கொம்பியூட்டருக்குப் போட்டுத் தருவன் மிசி" என்றேன்.

"போடும். அதுக்கு முதல் கையெழுத்தைப் போடும்."

தொழில் என்ற இடத்தில் 'சோலர் தொழில்நுட்பவியலாளர்' என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்தார்.

"இப்ப வேலை இருக்கோ?"

"கொம்பனி திரும்பக் கூப்பிடும்."

"கூப்பிடேக்கை எழுதலாம். இப்ப இல்லை எண்டு எழுதும். கடதாசிக்கு வெக்கமில்லைத் தம்பி."

கிராம அலுவலர் என்னோடு படித்தவன். அவனுடைய கையொப்பம் வேண்டும். அலுவலகப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "ஆள் இல்லை மிசி" என்றேன். பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் மிசி அங்கிருந்தே அழைத்தார். "ஆள் இருக்கிறார். நீர்தான் இல்லை. வாரும்." போனேன். படித்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒப்பமிட்டான், முத்திரை குத்தினான், "அடுத்தது" என்றான். இந்த ஒரு சொல்லுக்காகவா பத்து நாள் பயந்து கிடந்தேன் என்று வெளியே வந்து எனக்கு நானே பேசிக்கொண்டேன். என் பயத்துக்குப் பிள்ளை கொடுத்த பத்து நாள் அது.

உதவி கிடைத்தது. சத்துமாப் பொதிகளைக் கிளினிக்கிலிருந்து கருவிப் பைக்குள், ட்ரில்லுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சந்தியில் யாரும் கேட்டால், "நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை" என்றேன். மகளின் வளர்ச்சி அட்டையில் கோடு மெல்ல நிமிர்ந்து பச்சைப் பகுதிக்குள் வந்தது. கம்பனியும் கூப்பிட்டது. இப்போது அவள் முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறாள் என்று முறைப்பாடு வருகிறது. கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. இறப்பதற்கு ஆறேழு கிழமைக்கு முன் மிசி என் மோட்டார் சைக்கிளை மறித்தார். எங்கள் ஒழுங்கையில் மேசன் வேலை செய்யும் சுதனின் இரண்டாவது பிள்ளை நிறை குறைந்துகொண்டு போகிறதாம்.

"விண்ணப்பம் எழுதமாட்டானாம். டிப்ளோமா படிச்ச அண்ணை வேலையில்லாமல் இருந்தும் கை நீட்டேல்லை, நான் நீட்டுவனோ எண்டு என்னைக் கேக்கிறான்."

"நான் எடுத்ததை நீங்கள் சொல்லியிருக்கலாமே மிசி."

"கிளினிக் கொப்பியிலை இருக்கிறதை றோட்டிலை சொல்லுறது என்ரை வேலை இல்லை. நீர் சொல்லும். உம்மடை வாயாலை சொன்னால்தான் அவனுக்கு ஏறும்."

"நாளைக்குச் சொல்லுறன்."

சொல்லவில்லை. சுதனின் வீட்டைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் கூட்டினேன். ஒருமுறை கிளினிக் வாசலில் மிசியைக் கண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பேன்.

செத்தவீடு முடிந்த மறுநாள் சுதனிடம் போனேன். சைக்கிள் செயின் கொழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். "சுதன், நான் எடுத்தனான். மகளுக்குப் பத்து மாசத்திலை. விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வைச்சு எடுத்தனான்."

கையில் கிறீஸோடு நிமிர்ந்தான். "அப்ப சந்தியிலை சொன்னதெல்லாம் பொய்யோ அண்ணை?"

"ஓம்."

"நல்ல ஆள்" என்றான். சிரிக்கவில்லை.

அவன் மனைவி உள்ளேயிருந்து பிள்ளையின் அட்டையோடு வந்தாள். அதற்குள் விண்ணப்பம் மடித்துக் கிடந்தது. பெயர், இலக்கம், விலாசம் எல்லாம் மிசியின் கையெழுத்தில். "எல்லாம் எழுதித் தந்திட்டுப் போனவ. இவரின்ரை ஒப்பம்தான் இல்லை" என்றாள். சுதன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பேனை கேட்டான்.

வெள்ளிக்கிழமை புதிய மிசி சுதனின் பிள்ளையை நிறுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அட்டையில் கௌரி மிசி கடைசியாக வைத்த புள்ளி ஒன்று, அதற்கு வலப்பக்கத்தில், கீழே, புதிய புள்ளி ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தார். கௌரி மிசி என்னைக் கேட்ட நாளிலிருந்து நான் சுதன் வீட்டுப் படலையைத் திறந்த நாள்வரை அந்தப் பிள்ளை இழந்தது அந்தச் சரிவு. உங்களில் பலரிடம் அவர் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரோடு எடுத்த படங்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்தச் சரிவுதான்.