தங்கையனின் குத்தூசி

திருவட்டாறுக்கு மேலே, ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் தங்கையன் பதினெட்டு வருடம் தோட்டக்காரன். அவன் தொட்டால் ஆட்டுக்கல்லும் தளிர்க்கும். அவனுக்கு அடங்காதது பங்களா முன்னால் இருந்த புல்தரை ஒன்றுதான். துரைசானியின் விருந்தாளிகள் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து, தேங்காய் விழுந்தால் தேங்காய்தான் உடையும் என்கிற அளவுக்கு மண் இறுகிவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. புல்லுக்குச் சொட்டை விழுந்தது. இந்த வருடம் பச்சை பிடிக்காவிட்டால் வேறு ஆள் என்று துரைசானி சொல்லிவிட்டாள். அது 1931.

கோட்டாறு சந்தையில் அரிசி வியாபாரி குத்தூசியை மூட்டையில் செருகி, ஒரு பிடி அரிசியை வெளியே இழுத்ததைத் தங்கையன் பார்த்தான். மண்ணும் ஒரு மூட்டைதானே! கொல்லனிடம் பெருவிரல் கனத்தில் ஒரு குத்தூசி அடித்து வாங்கினான். ஆனாலும் துரைசானி கேட்டால் என்ன சொல்வது என்று பயம். இங்கிலீசு தெரிந்தவன் பட்லர் ராஜையன் ஒருவன்தான்.

"நீ குத்துலே மக்கா. துரைசானிக்கிட்ட நான் பறஞ்சுக்கிடுதேன். இங்கிலீசு என் நாக்குல பாயசமாட்டுல்லா ஓடும்."

"வாக்கு மாற மாட்டியே?"

"ஏலே, ஞாயித்துக்கிழம சபையில உனக்க பாயில இருக்கவனாக்கும் நான்!"

துரை குடும்பம் மலைக்குப் போயிருந்த நேரம். கோடை மழையில் மண் நனைந்ததும் தங்கையன் ஐந்து நாள் குத்தினான். நாற்பதாயிரம் துளை, நம்பாதவர்கள் போய் எண்ணிக்கொள்ளலாம். துளையெல்லாம் ஆற்றுமணலும் பழஞ்சாணமும் போட்டு நிரப்பினான்.

திரும்பி வந்த துரைசானிக்கு அது அம்மை விழுந்த முகம். அவள் போட்ட கூச்சலில் குழித்துறை ஆறு ஒரு நிமிடம் நின்றது. ராஜையன் ஏதோ சொன்னான். தங்கையனுக்குச் சொல் புரியவில்லை, விரல் புரிந்தது. முதலில் அவனைக் காட்டியது, பிறகு ராஜையனின் நெற்றிப் பக்கம் கிறுக்கு என்று சுழன்றது. இயேசுவைப் பேதுரு மறுதலித்தபோது கூவ ஒரு சேவலாவது இருந்தது. இங்கே இருந்த சேவலை ராஜையன் காலையிலேயே குழம்பு வைத்துவிட்டான்.

அன்றைக்கே வேலை போயிற்று.

இடவப்பாதி மழை கொட்டியது. வேர் மூச்சு விட்டது. தரை பச்சையாகப் பொங்கியது. மாடுகள் வேலிக்கு வெளியே நின்று கண்ணீர் விட்டன. யோசனை தன்னுடையது என்று ராஜையன் சொல்லி, துரையின் பழைய கோட்டைப் பரிசாக வாங்கினான். குளிக்கும்போது மட்டும் கழற்றினான் என்று கேள்வி.

மறு வருடம் மண் மறுபடி இறுகியது. வேர்வையும் கோட்டுமாக ராஜையன் தங்கையன் வீட்டுக்கு வந்தான்.

"மக்கா, அந்தக் குத்தூசியக் கொஞ்சம் தா."

"நானே வந்து குத்துகேன். போன வருசம் குத்தினது தங்கையன்னு துரைசானிக்கிட்ட பறயணும்."

"அத இப்பம் இங்கிலீசுல எப்படிலே பறய?"

"தங்கையனுக்கு இங்கிலீசுலயும் தங்கையன்தாம்லே."

ராஜையன் கோட்டுப் பித்தானைத் இறுக்கிப் போட்டுக்கொண்டான். பிறகு வெறுங்கையோடு போனான்.

அடுத்த ஞாயிறு, சபையில் தங்கையன் வேறு பாயில் உட்கார்ந்தான்.