கப்பல் துரையும் புளித்த கள்ளும்

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடலே கிடையாது. மலாயாவில் ரெம்பாவ் பக்கம் எங்கு திரும்பினாலும் ரப்பர் மரம்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அங்கே துரையாக வந்து உட்கார்ந்தவர் ஒரு கப்பற்படை அதிகாரி. சின்ன ஆள் இல்லை, போர்க்கப்பலையே நடத்தியவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நாங்கள் வரிசை கட்டினால், கப்பல் தளத்தில் நிற்கிற மாதிரி காலை அகட்டி எதிரே நிற்பார்.

அவர் கதையை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் சொன்னார். கிராணிக்கு அவர்கள் பாஷை கொஞ்சம் வரும். பதினைந்து வயதில் கப்பலில் ஏறி, படிப்படியாக உயர்ந்தவராம். ஒரே காலையில் கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்து வந்த குற்றத்துக்கு அவரைக் கரையில் போட்டுவிட்டார்கள். கப்பற்படைக்கு ரப்பர் ஷீட் அனுப்புவதுதான் இப்போது வேலை. அதுவும் கெட்டால் மிச்சமிருந்த மானமும் போய்விடும். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் கப்பலில் நானா ஓட்டை போட்டேன்?

கெட்டுத்தான் போனது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் தீர்ந்துவிட்டது. ஊற்றிய பாலெல்லாம் தட்டிலேயே நாறியது. ஷீட் போடும் ஸ்டோர் வாசலில் நின்று துரை கத்தினார். அதே வாரம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ராணுவ லாரி வருவதாகச் செய்தி வந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் எழுதிக் கொடுத்த ஒன்பது பேரில் என் புருஷன்தான் முதல் ஆள். அங்கே போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் புருஷன் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர். ஒருமுறை நான் ரப்பர் பால் சேர்க்கும் வாளியிலேயே கள்ளைக் கொண்டுவந்துவிட்டு, கழுவாமல் மாட்டி வைத்திருந்தார். நானும் கவனிக்காமல் அதிலேயே பாலைச் சேர்த்தேன். நிறுக்கப் போவதற்குள் கட்டியாகிவிட்டது. மண்டோர் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். நான் புருஷனோடு மூன்று நாள் பேசவில்லை. லாரி வருகிற அன்று பெரட்டில் நிற்கும்போது அந்த வாளி ஞாபகத்துக்கு வந்தது. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

“கிராணி ஐயா, பால நான் ஒறைய வைக்கிறேன்னு தொரைகிட்ட சொல்லுங்க.”

“ஒனக்கென்ன பைத்தியமா லா? தலைய வாங்கிடுவான்!”

“எம் புருஷன் தலையே போகப் போவுது. நீங்க சொல்லுங்க.”

வீட்டில் நன்றாகப் புளித்த கள் ஒரு சட்டி இருந்தது. அன்றைய பால் ஸ்டோருக்கு வந்ததும் ஒரு தட்டில் ஊற்றி, கள்ளை விட்டுக் கலக்கினேன். துரை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டித் தயிராக இறுகியிருந்தது. என்ன வேண்டும் என்று கிராணி மூலம் கேட்டார்.

“கள்ளு வேணும். மரம் ஏற எம் புருஷன் வேணும்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றி நின்ற மற்ற எட்டுப் பேரின் பெண்டாட்டிமார் முகத்தைப் பார்த்தேன். “ஒரு ஆளு பத்தாதுங்க. லிஸ்டுல உள்ள ஒம்போது பேருமே மரம் ஏறுறவங்கதான்.”

பச்சைப் பொய். அதில் ஒருத்தனுக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும்.

மத்தியானம் லாரி வந்தது. இறங்கியவன் ஒரு இளம் ராணுவ அதிகாரி, பதவியில் எங்கள் துரைக்கு எத்தனையோ படி கீழே. துரை அவனிடம் தென்னந்தோப்பைக் காட்டினார். என் புருஷன் மரத்து உச்சியில் இருந்தார். மற்ற எட்டுப் பேரும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார்கள். இளையவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். துரை ஒரே ஒரு வார்த்தை அதட்டினார். ஒரு கப்பலையே ஆட்டிப் படைத்த குரலை அன்றுதான் கேட்டேன். அவன் விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு லாரியில் ஏறினான்.

லாரி காலியாகத் தம்பின் ரோட்டுக்குத் திரும்பியது. வேறு தோட்டத்தில் நிரம்பியிருக்கும். அது தெரிந்தும் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துரை என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்.

“நாளைக்குள்ள அந்த எட்டுப் பேரையும் நெசமாவே மரம் ஏறக் கத்துக்கச் சொல்லுறாரு.”

கற்றுக்கொண்டார்கள். ஒருத்தன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அதற்கும் அவன் பெண்டாட்டி சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.