ஊதாத விசில்

கொல்லங்கோட்டில் நான் தமிழ் நடத்தும் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குத் தோற்பது ஒன்றுதான் ஒழுங்காக வரும். அந்த அணியைத் தூக்கி நிறுத்த ஒரு அம்மா பயிற்சியாளராக வந்தார். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் ஒரு விசில். அதை ஊதவே மாட்டார், துடைத்துக்கொண்டே இருப்பார்.

வந்ததும் பந்தைப் பூட்டி வைத்துவிட்டார். பெண்கள் வெறுங்காலோடு, இல்லாத பந்துக்காக, “எனக்குக் குடு!”, “இங்க தட்டு!” என்று அலறினார்கள். என் வகுப்பில் இலக்கணம் காதில் விழவில்லை.

“ஏனுங்க, பந்த எப்பத்தானுங்க குடுப்பீங்க?” என்று போய்க் கேட்டேன்.

“ஊட்லயும் கிளாஸ்லயும் வாயத் தொறக்காதேன்னு வளத்திப்போட்டு, கிரவுண்டுல மட்டும் பந்து கேளுன்னா புள்ளைக எப்படிங்க கேக்கும்? மொதல்ல கத்தட்டுமுங்க.”

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த வருடமும் அணி தோற்றது, இன்னும் சிரித்தோம்.

பிறகு ஒரு கூட்டத்தில், மைதானம் இனி ஆசிரியர்களுக்குக் கூரை போட்ட கார் நிறுத்துமிடம் என்று முதல்வர் அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து அணி மொத்தமும் எழுந்து, “குடுக்க மாட்டோம்!” என்று கத்தியது. மைக் வைத்திருந்தும் முதல்வரின் குரல் எடுபடவில்லை. அந்த அம்மா விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் கார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.