காதியார் வீட்டு வாசலில் ஸம்றா

"செல்லு! எதுக்கு வந்த நீ?"

ஸம்றா மேசையில் ஓங்கி அடிக்கிறாள். முக்காட்டுக்கு மேலே கணவனின் வெள்ளைத் தொப்பி. எதிரே பிளாஸ்டிக் கதிரையில் இருக்கும் பெண் திடுக்கிட்டு அழத் தொடங்குகிறாள். "அழாம செல்லு. காதியார் கண்ணீரை எழுதமாட்டார். வாயால செல்லுறதத்தான் எழுதுவார்." பக்கத்து அறையில், நோயாளியைப் பராமரிக்க வரும் நான், படுக்கையிலிருக்கும் ஸம்றாவின் உம்மாவை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுக்கிறேன். சனிக்கிழமை என்றால் இந்த வீட்டுக் குசினி காதிக் கோடாக, காதியாரின் நீதிமன்றமாக, மாறிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும் கணவன் ஸஹீத் கிழமைக்கொரு தரம் கேட்பார்: "என்ட தொப்பி எங்க? காதியாரிட்டயா இரிக்கி?"

ஸம்றா கல்முனையில் சட்டத்தரணி. நாற்பதைத் தாண்டியவள். கட்டையான உருவம், குதிகால் அதிரும் நடை. நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். பேனையை முக்காட்டுக்குள் செருகி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். அவள் படித்தது குடும்பச் சட்டம். முஸ்லிம்களின் விவாகரத்தைக் காதியார்தான் விசாரிப்பார், அங்கே சட்டத்தரணி போய் வாதாட முடியாது. வழக்குக்காரி தனியாக உள்ளே போக, படித்தவள் வெளியே இருப்பாள். அதற்காகத்தான் இந்தத் தொப்பியும் மேசையடியும். உள்ளே பேச முடியாததை ஸம்றா வீட்டில் வைத்து மற்றவள் வாயில் ஏற்றிவிடப் பார்க்கிறாள்.

சட்டத்தரணிகளுக்கான செயலமர்வு எங்கே நடந்தாலும் போய்விடுவாள். கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை. போனமுறை படித்த விஷயம்தானே என்றால், "மறந்திருப்பன்" என்பாள். மறந்திருக்கமாட்டாள். ஒவ்வொரு செயலமர்விலும் ஒரு துணிப்பை கொடுப்பார்கள். ஒன்றில் தேங்காய், ஒன்றில் வெங்காயம், 'குடும்பச் சட்டத்தில் தொடர் கல்வி' என்று அச்சடித்ததில் உம்மாவுக்குக் கட்டிவிடும் பம்பஸ். நடித்துப் பழக்கும் முறையையும் அப்படியொரு செயலமர்வில்தான் கற்றாள். எதிர்த்தரப்பு அதட்டினால் வழக்குக்காரி உடைந்துபோகக் கூடாது, முதலிலேயே அதட்டிப் பழக்குங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

கோட்டுக் கன்டீனில் மூத்த சட்டத்தரணி பூபாலசிங்கம் அவளைச் சீண்டுவார். "பிள்ளை, காதிக் கோட்டுக்குள்ள உன்னை விடமாட்டாங்கள். பிறகு என்னத்துக்கு இவ்வளவு படிப்பு?"

"படிச்சாத்தானே சேர், வெளிய இரிந்து விளங்கி வயிறெரியலாம்."

கொழும்பில் ஒரு விரிவுரையாளர் உதாரணம் சொன்னாராம்: கணவன் மனைவியை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான், அவள் எங்கே போவாள்? ஸம்றா எழுந்திருக்கிறாள். "எங்கட பக்கம் வீடு பொண்ணுட சேர். கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பேக்கோட வாற. எங்கட பொண்டுகளுக்கு எங்க போறதெண்டு பிரச்சினையில்ல. போனவன் மறுகா உள்ள வாறதுதான் பிரச்சினை." மண்டபமே சிரித்ததாம். பிறகு தேநீர் இடைவேளை. இதை எனக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

செயலமர்வுக் குறிப்புகளை உம்மாவுக்குக் கஞ்சி பருக்கும்போது உரத்து வாசிப்பாள். பாரிசவாதம் வந்தபின் ஆமினா உம்மாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஓம். பசித்தாலும் ஓம், வலித்தாலும் ஓம். எந்த ஓம் என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகள் பிரிவு பிரிவாகச் சட்டம் வாசிக்கத் தாய் ஓம் ஓம் என்கிறாள். "என்ட வாதத்த முழுசா ஒத்துக்கிற நீதவான் இவ ஒராள்தான் சாரதாக்கா" என்று என்னிடம் சொல்லிக் கஞ்சி வடிந்த தாடையைத் துடைத்துவிடுவாள்.

குசினிக் கதிரையில் திடுக்கிட்டு அழுத பெண்தான் நஜ்லா. கைக்குழந்தைக்காரி. அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்து, சரியாகப் பொருத்தாமல் கூடியிருக்கிறது. விழுந்து முறிந்ததல்ல, முறுக்கி முறிந்தது. பராமரிப்பு வேலை பயின்றவளுக்கு அது பார்த்தவுடன் தெரியும். முறுக்கிய கணவன் றிஸ்கான் சில மாதங்களாகத் தன் தாய் வீட்டில் இருக்கிறான், திரும்பி வரவேண்டும் என்கிறான். நஜ்லாவுக்கு விவாகரத்து வேண்டும். காதியார் முதலில் சேர்த்துவைக்கத்தான் பார்ப்பார். அந்த இடத்தில் முடியாது என்று அவள் சொல்லியாக வேண்டும். சொன்னால் வழக்கு நடக்கும். சொல்லாவிட்டால் அவன் வருவான்.

ஒரு மாதம் ஸம்றா அதட்டினாள். "நீ சரியான பொண்டாட்டியா? புருசனுக்குச் சோறு போட்டயா? வாயாடினயா?" நஜ்லா அழுகையை விட்டாள், பிறகு நடுக்கத்தை விட்டாள். கடைசிச் சனிக்கிழமை, "இவரோட இரிக்க ஏலாது. என்ட கைய முறிச்சவர்" என்று அவளும் மேசையில் அடித்தாள். ஸம்றா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "இப்பிடியே செல்லுகா. காதியார் கதிரையோட விழட்டும்."

விசாரணை நாளில் உம்மாவைப் பார்க்க ஸஹீத் லீவு போட்டார். நஜ்லாவின் குழந்தையைத் தூக்கிவைத்திருக்க ஸம்றா என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டாள். ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. காதியார் வீட்டு முன்னறையில்தான் விசாரணை. நஜ்லா கைப்பையை ஸம்றாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் முற்றத்து வாங்குப் பலகையில் இருந்தோம். யன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

காதியார் வயதானவர், இளைப்பாறிய பாடசாலை அதிபர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். "வாங்க மகள். தேத்தண்ணி குடிச்சயா?" என்றார். நஜ்லா ஓம் என்றாள். "புள்ள சுகமா இரிக்கா?" அதற்கும் ஓம். பிறகு இன்னும் தணிவாக, "றிஸ்கான் பிழையெண்டு ஒத்துக்கிட்டார் மகள். அல்லாஹ்வுக்காக இன்னொரு தரம் சேந்து இரிந்து பாப்பமா? சம்மதந்தானே?"

யன்னல் கம்பிக்குள்ளால் நஜ்லாவின் குனிந்த தலை தெரிந்தது. நிக்காஹ்வில் சம்மதம் கேட்டால் மணப்பெண் வாய் திறப்பதில்லை. தலை குனிந்தால் போதும், சம்மதமாம் என்று பக்கத்திலிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தத் தலை அப்படி ஒருமுறை குனிந்து பழகியது.

"இல்ல எண்டு செல்லு" என்று என் பக்கத்தில் ஸம்றாவின் உதடு அசைந்தது. "செல்லு புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காதியார். "மூணு மாசம் சேந்து இரிந்து பாருங்க. மறுகா கதைப்பம்."

ஸம்றா என் பக்கம் திரும்பவில்லை. "நான் சத்தம் போட்டுத்தான் பழக்கின சாரதாக்கா. மகள் எண்டு கூப்பிட்டுப் பழக்கல்ல."

நஜ்லா வெளியே வந்தாள். "ஒண்டும் செல்லல்ல ராத்தா" என்றாள். "வாப்பா கேக்கிற மாதிரிக் கேட்டார். எதிர்த்துக் கதைக்க வாய் வரல்ல."

"செல்லாமலிருந்ததத்தான் அவர் சம்மதமெண்டு எழுதினார். மேல காதிகள் சபைக்கு அப்பீல் போகலாம். நான் எழுதித் தாறன். மாதக்கணக்கில இழுக்கும்." சட்டம் சொல்லும் குரலிலேயே அதைச் சொன்னாள்.

நஜ்லாவுக்குப் பின்னால் றிஸ்கான் வந்தான். மழித்த முகம், தேய்த்த சேட். மரியாதையாகத்தான் பேசினான். "மெடத்துக்கும் வீண் அலைச்சல்" என்றான். நஜ்லாவிடம், "தொறப்பத் தா. உம்மா வீட்ட போய் பேக்க எடுத்துக்கிட்டு, நான் முந்திப் போய் வீட்டத் தொறக்கன்" என்று கையை நீட்டினான்.

திறப்பு, வீட்டின் சாவி, அந்தக் கைப்பைக்குள் இருந்தது. நஜ்லா ஸம்றாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பையைப் பார்த்தாள். "குடுங்க ராத்தா" என்று அவள் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. என் தோளில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

அந்தப் பையை வைத்திருக்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோரையும் விட ஸம்றாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் பையின் சிப்பை இறுக்கி இழுத்து மூடினாள். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எழும்பாமல், றோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.