பசை காயட்டும்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் பிளாஸ்டிக் பைப்பைத் துண்டுபோட்டு, மேலே காகிதம்போல் மெல்லிய தேக்குமரச் சீவலான வெனீரைச் சுற்றி வட்ட டப்பா செய்பவர் அவர். மூக்குக்கண்ணாடியில்கூடப் பசைப்புள்ளி. நான் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். மகள் நிச்சயதார்த்தத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க டப்பா வாங்கப் போயிருந்தேன். பைப்பிலும் மரத்திலும் பசை தடவிவிட்டு, விரலின் பின்பக்கத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னாங்க, தொட்டுக்கினே இருக்கீங்க? சீக்கிரம் ஒட்டுங்க!” என்று கத்தினேன்.

என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார்.

“வெரல்ல ஒட்டாத அளவுக்குக் காஞ்சாதான் புடிக்கும். ஷூ கம்பெனியில உன்ன மாதிரி ஒருத்தன் கத்தினான்னு ஈரத்துலயே ஒட்டினேன். ஷூ வாயப் பொளந்துது. வேல போனது எனக்கு. கெளம்பு நீ!”

டப்பா தரவேயில்லை.

மறுநாள் எங்கள் கம்பெனி லைனில் ஒரு பெண் அதேபோல் ஷூவில் தடவிய பசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேலிருந்த ஆத்திரத்தில் அவளிடம் கத்தினேன்.

அவள் ஈரத்திலேயே ஒட்டினாள்.